மலையில் ஓடும் பழைய பெட்ரோல் பிக்கப்புக்குக் கார்புரேட்டர் மாற்றுதல்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கங்களில் கேரட் மூட்டையும் பச்சைத் தேயிலையும் சுமந்தபடி, டீசலுக்கு மாற்றப்படாமல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்ரோல் ஜீப் பிக்கப்புகளை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கையில் இருப்பது நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர் ஹரிக்கேன் எஞ்சின் பூட்டிய மகிந்திரா ஜீப். அதன் பின்பாகம் சுமை ஏற்றும் தொட்டியாக மாற்றப்பட்டது. இந்த எஞ்சினில் உள்ளிழுக்கும் மேனிஃபோல்டு (கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் வழி) சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருப்பதால், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் ஹெட்டின் மேலேயே இரண்டு ஸ்டட்டுகளில் உட்கார்ந்திருக்கும். கை எட்டுவது எளிது. எஞ்சின் இருக்கைகளுக்கு நடுவே மூடியின் கீழ் இருக்கும் எஃப்.சி. (ஃபார்வர்ட் கண்ட்ரோல்) வகைப் பிக்கப்பாக இருந்தால் வேலை கேபினுக்குள் நடக்கும். அப்போது இரு கதவுகளையும் திறந்துவைத்து, பெட்ரோல் விஷயத்தில் இருமடங்கு எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

முதலில், கார்புரேட்டரை மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். எங்கள் ஊர்களில் "வண்டி பிக்கப் இல்லை", அதாவது இழுவை இல்லை, என்று சொல்லிக் கொண்டுவரப்படும் வண்டிகளில் சிலவற்றுக்குக் குறையே இருக்காது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். எனவே எஞ்சினின் வலுவிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தே தீரும். எந்தக் கார்புரேட்டரைப் பூட்டினாலும் அது திரும்பி வராது. அதே ஓட்டுநர் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியதும் வண்டி பறக்கிறது என்று மகிழ்ந்தால், குறையைக் காற்றின் கணக்கில் எழுதிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

அடுத்ததாக, பற்றவைக்கும் பகுதியைச் சரிபாருங்கள். இந்த எஞ்சினுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.5 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.75 மில்லிமீட்டர், டைமிங் பிஸ்டனின் மேல் முனைக்கு 5 டிகிரி முன்னதாக, பற்றும் வரிசை 1-3-4-2. தேய்ந்த பாயிண்டும் செத்துக்கொண்டிருக்கும் கண்டென்சரும் கார்புரேட்டர் கெட்டதைப் போலவே நடித்துக் காட்டும். ஏர் கிளீனரையும் விட்டுவிடாதீர்கள். எண்ணெய்த் தொட்டி வகை ஏர் கிளீனரில் குறியீட்டுக் கோட்டுக்கு மேல் எண்ணெய் ஊற்றிவிட்டால் காற்றுவழி அடைபட்டு, வண்டி கறும்புகை கக்கும்; பழி கார்புரேட்டர் மேல் விழும்.

மலைக்கே உரிய இரண்டு மயக்கங்களையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று, ஏற்றத்தில் வரும் ஆவியடைப்பு. மேட்டுப்பாளையத்து வெயிலில் நின்ற வண்டி, கல்லாறு தாண்டி முதல் இரண்டு கியர்களிலேயே ஊர்ந்து ஏறும்போது எஞ்சின் அறை கொதிக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் பெட்ரோலும் முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிறது. எஞ்சினுக்குப் பெட்ரோல் இழுத்துத் தரும் பம்ப்பிலும் குழாயிலும் ஆவி நிறைந்து வண்டி பர்லியார் பக்கம் நின்றுவிட்டால், ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் போட்டுக் கால் மணி நேரம் காத்திருப்பது பழைய வழக்கம். அது பலிப்பதே கார்புரேட்டர் நலமாக இருப்பதற்குச் சாட்சி. நிரந்தரப் பரிகாரம், பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விலக்கி ஓட்டிக் கட்டுவது. மற்றொன்று, ஆனி ஆடி மூடுபனியில் வரும் உறைவு. பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் தொண்டை வெகுவாகக் குளிர்வதால், வெளியே பத்து டிகிரி இருந்தாலும் ஈரக்காற்றின் நீர் உள்ளே பனிக்கட்டியாகப் படியும். புறப்பட்ட பத்து நிமிடத்தில் ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது ஓடும் ஓட்டம்) நிலைக்காமல் எஞ்சின் அணைந்து, சற்று நேரம் நின்றபின் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பினால் அது இதுதான். எஞ்சினின் சூடு மேலேறி அந்தக் கட்டியை உருக்கிவிடுவதால், பானட்டைத் திறந்து பார்ப்பவருக்குத் தடயமே கிடைக்காது. இந்தக் குறைக்காக இரண்டு கார்புரேட்டர்கள் வாங்கியவரை எனக்குத் தெரியும்.

இவற்றையெல்லாம் கழித்த பிறகும் சந்தேகம் நின்றால், எஞ்சின் அணைந்த நிலையில் கார்புரேட்டரின் தொண்டையைத் திறந்து மூடும் தட்டைத் தாங்கும் திராட்டில் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தண்டு தன் துளையில் கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால், அந்த இடைவெளி வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. பெட்ரோலை அளந்து விடும் சிறுதுளையான ஜெட்டைச் சுத்தம் செய்தாலும் பேக்கிங் செட் மாற்றினாலும் ஐடிலிங் நிலைக்காது. துளையை விரித்துப் புஷ் அடித்துக் கொடுக்கும் லேத் பட்டறை கிடைத்தால் பழையதையே காப்பாற்றலாம். கிடைக்காதபோதும், அடித்தட்டு வளைந்திருக்கும்போதும், உடலில் வெடிப்பு இருக்கும்போதும்தான் புதியது வாங்குவது நியாயம். வெறும் அழுக்கும் காய்ந்த டயாஃப்ரமும் (ரப்பர் சவ்வு) மட்டும் குறையாக இருந்தால், ரிப்பேர் கிட் ஒன்றோடு வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கோவைக் கடையில் "ஜீப்புக்கு" என்று கேட்டால் ஒன்றை எடுத்துத் தருவார்கள்; அது உங்கள் ஜீப்புக்கா என்பதை ஸ்டட் துளைகளின் இடைவெளி, தொண்டையின் விட்டம், திராட்டில் கை திரும்பும் திசை, சோக் கேபிள் வந்து சேரும் பக்கம், பெட்ரோல் குழாய் முனையின் மரை ஆகிய ஐந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். திராட்டில் கை தலைகீழாகத் திரும்பும் ஒன்றை நான் ஒருமுறை ஊட்டி வரை சுமந்து வந்துவிட்டு, மறுநாள் அதே பேருந்தில் திருப்பிக் கொடுக்கப் போனேன். புதியது என்பதால் அப்படியே பூட்டிவிடவும் கூடாது. மேல்மூடியைக் கழற்றி, வார்ப்பின் துகள்கள் கிண்ணத்தில் கிடக்கின்றனவா, ஜெட்டுகள் இறுகியிருக்கின்றனவா, கிண்ணத்துப் பெட்ரோலின் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட் தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, சுத்தமான பெட்ரோலில் அலசி, காற்றடித்துக் காயவையுங்கள்.

இப்போது ஜெட் விஷயம். இந்த வேலையில் மலைக்காரர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். சோலெக்ஸ் வகை ஜெட்டின் மேல் பொறித்த எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகச் சொல்கிறது: 125 என்றால் 1.25 மில்லிமீட்டர். 125-க்குப் பதில் 120 போட்டால் துளையின் பரப்பு சுமார் 8 சதவீதம் குறையும். ஊட்டி உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால், சமவெளிக்கென்று வைத்த ஜெட் சுமார் 10 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊட்டுகிறது. ஆகவே மலைக்கு வந்த வண்டிக்கு ஒரு படி சிறிய ஜெட் போடுவது நியாயமான வழக்கமாக இருந்தது. ஆனால் இன்று பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கலப்பற்ற பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். இரண்டும் கலந்த இந்தப் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5 பங்கு. அதாவது பழைய ஜெட்டில் இந்தப் பெட்ரோலை ஊற்றினால் கலவை சுமார் 8 சதவீதம் வறண்டுபோகிறது, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போகிறது. உயரம் கொடுப்பதை எத்தனால் எடுத்துக்கொள்வதால், ஊட்டியில் கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடுகிறது. எனவே இன்று மலைக்கென்று சிறிய ஜெட் தேட வேண்டியதில்லை. எஞ்சினுக்கு உரிய அசல் எண்ணையே போடுங்கள். உங்கள் பழைய கார்புரேட்டரில் எவரேனும் முன்பு சிறிய ஜெட் போட்டிருந்தால், அதைப் புதியதற்கு மாற்றிவிடாதீர்கள். இறக்கத்தில் மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது கலவை மிகவும் வறண்டு, எஞ்சின் சூடேறி, ஆக்சிலேட்டரை மிதித்ததும் தும்மும். ஜெட் துளையில் கம்பியை விட்டுக் குத்துவதும் கூடாது. பித்தளை மென்மையானது, ஒரு கீறலே எண்ணைப் பொய்யாக்கிவிடும்.

எத்தனால் பழைய ரப்பரையும் பதம் பார்க்கும். கார்புரேட்டர் மாற்றும் நாளிலேயே பெட்ரோல் தொட்டியிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ்களையும் கிளிப்புகளையும், எத்தனால் தாங்கும் ஹோஸாகப் பார்த்து மாற்றிவிடுங்கள். பம்ப்பின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் தண்ணீர் முத்துக்களோ துருவோ தங்கியிருந்தால் தொட்டியைக் கழுவாமல் புதிய கார்புரேட்டரைப் பூட்டுவது வீண்.

வேலைக்கு முதல் தேவை சமதளம். எங்கள் ஊர்களில் அதுவே அரிய பொருள். வண்டி மூக்குத் தாழ்ந்து நின்றால், குழாயைக் கழற்றியதும் பின்னால் இருக்கும் தொட்டியிலிருந்து பெட்ரோல் தானாக வழியும். ஃப்ளோட்டின் மட்டமும் பொய் சொல்லும். கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பாட்டரியில் பாடியோடு சேரும் கம்பியை முதலில் கழற்றிவிடுங்கள். குளிருக்காக ஷெட்டுக்குள் வண்டியை ஏற்றி, பக்கத்தில் கணப்புச் சட்டியை மூட்டிக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் இங்கே உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து தணலைத் தேடிப் போகும். வாசலில் வெயில் வரும்வரை காத்திருங்கள். ஒரு வாளி மணலாவது அருகில் இருக்கட்டும்.

கழற்றுமுன் நான்கு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏர் கிளீனரின் ஹோஸைக் கழற்றி அப்பால் வைத்தபின், சோக் கேபிளின் திருகைத் தளர்த்தி உருவுங்கள். ஆக்சிலேட்டர் ராடு எந்தத் துளையில் மாட்டியிருந்தது, திரும்பு ஸ்பிரிங் எங்கே கொக்கியிட்டிருந்தது என்பதை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் குழாயின் நட்டைத் திருகும்போது, கார்புரேட்டர் பக்கத்து முனையை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் செப்புக் குழாய் முறுகி ஒடியும். வழியும் பெட்ரோலை ஒரு டப்பாவில் வாங்கி, குழாய் முனையை அடைத்துவிடுங்கள். பிறகு இரண்டு ஸ்டட் நட்டுகளையும் மாறி மாறி, சிறிது சிறிதாகத் தளர்த்தி, கார்புரேட்டரை நேராக மேலே தூக்குங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் மரச்சுத்தியால் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டலாம். திருப்புளியை இடையில் விட்டு நெம்பினால் ஹெட்டின் முகம் கீறும்.

தூக்கிய மறு நொடி, மேனிஃபோல்டின் வாயில் ஒரு சுத்தமான துணியைத் திணியுங்கள். நான் ஒருமுறை அதைச் செய்யாமல் பேக்கிங்கைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, ஸ்பிரிங் வாஷர் ஒன்று ஸ்டட்டிலிருந்து தெறித்து உள்ளே உருண்டது. காந்தக் குச்சியோடு ஒரு மாலை முழுதும் போராடியும் அகப்படாமல், கடைசியில் ஹெட்டையே கழற்றி எடுத்தேன். பத்து நிமிட வேலை இரண்டு நாளாயிற்று.

பழைய பேக்கிங்கைத் துகள் இல்லாமல் சுரண்டியபின், ஹெட்டின் முகத்திலும் புதிய கார்புரேட்டரின் அடித்தட்டிலும் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பாருங்கள். பழையதில் வெப்பத்தடுப்புத் தட்டு இருந்திருந்தால் அதை மறக்காமல் திரும்ப வையுங்கள். ஆவியடைப்புக்கு எதிரான பாதி வேலையை அது செய்கிறது. பேக்கிங் புதியதாகவும் உலர்ந்ததாகவும் இருக்க வேண்டும். சிலிக்கான் பசை தடவுபவர்கள் உண்டு. பெட்ரோல் பட்டு அது ஊறிப் பிய்ந்து உள்ளே போகும் என்பதால் நான் தடவுவதில்லை. நட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள். அடித்தட்டு மென்மையான வார்ப்பு. சிறிய ஸ்பானரில் மணிக்கட்டு பலம் போதும். பழைய கார்புரேட்டர்கள் பலவற்றின் அடித்தட்டு வளைந்திருப்பதற்குக் காரணமே முழுக்கை பலத்தால் இறுக்கியதுதான்.

அடுத்து வரும் சோதனையை மலைப் பாதையில் ஓட்டுபவர் எவரும் தவிர்க்கக் கூடாது. ராடையும் ஸ்பிரிங்கையும் மாட்டிய பிறகு, எஞ்சினைக் கிளப்பாமலே, ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதிக்கச் சொல்லுங்கள். திராட்டில் தட்டு முழுதாகத் திறக்கிறதா என்று தொண்டைக்குள் பாருங்கள். திறக்காவிட்டால் ஏற்றத்தில் வலு கிடைக்காது. பிறகு காலைச் சட்டென்று எடுக்கச் சொல்லுங்கள். தட்டு எங்கும் தடுக்காமல் ஒரே அடியில் மூட வேண்டும். இதைப் பத்து முறை செய்யுங்கள். பிறகு ஏர் கிளீனரின் ஹோஸை மாட்டிவிட்டு மீண்டும் செய்யுங்கள், ஏனெனில் ஹோஸின் கிளிப் ராடில் உரசுவதை நான் கண்டிருக்கிறேன். சமவெளியில் சிக்கிய ஆக்சிலேட்டர் ஒரு தொல்லை. குன்னூர் இறக்கத்தின் கொண்டை ஊசி வளைவில் அது வேறு கதை. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதியது போடுங்கள். சோக் குமிழை உள்ளே தள்ளியதும் சோக் தட்டு செங்குத்தாக நிற்கிறதா என்பதையும் பாருங்கள். சிறிது சாய்ந்து நின்றாலும் நாள் முழுவதும் பெட்ரோலைக் குடிக்கும்.

பம்ப்பின் கை நெம்புகோலை அடித்துக் கிண்ணத்தை நிரப்புங்கள். இணைப்புகளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து, எங்கும் கசிவு இல்லை என்று உறுதியான பிறகே பாட்டரியை இணைக்க வேண்டும். ஆக்சிலேட்டரை ஒருமுறை அசைத்தால் தொண்டைக்குள் பெட்ரோல் நூலாகப் பீச்சுவது தெரிய வேண்டும். பீச்சாவிட்டால் முடுக்குப் பம்ப்பின் டயாஃப்ரம் சரியாக உட்காரவில்லை.

ஐடிலிங் சரிசெய்வதற்கு எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். ஊட்டிக் காலையில் அதற்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டியே ஆக வேண்டியிருக்கும். ஐடிலிங் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் திருகை மெல்ல உள்ளே திருகி, உட்கார்ந்ததும் நிறுத்தி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பது தொடக்க நிலை. எஞ்சின் ஓடும்போது கால் சுற்றாக உள்ளும் வெளியும் திருகி, ஓட்டம் மிகச் சீராகவும் வேகம் மிகுந்தும் இருக்கும் இடத்தைக் கண்டு, பிறகு வேகத் திருகால் நிமிடத்துக்குச் சுமார் 600 சுற்றுக்குக் கொண்டுவாருங்கள். வேக்கூம் கேஜ் (மேனிஃபோல்டின் வெற்றிடத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டும் கருவி) வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் வீதம் அளவு குறையும். சமவெளியில் 18 முதல் 21 வரை காட்டும் எஞ்சின் ஊட்டியில் 11 முதல் 14 வரைதான் காட்டும். இது தெரியாமல், புத்தகத்து எண்ணை எட்டுவதற்காக டைமிங்கை முன்னே தள்ளிக்கொண்டே போய், ஏற்றத்தில் எஞ்சினைத் தட்டவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு வழக்கமான சுமையில் பாதியை ஏற்றிக்கொண்டு, உங்களுக்குப் பழகிய, அகலமான ஓர் ஏற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதை இதற்கான இடமில்லை. செங்குத்தான ஏற்றத்தில் மட்டும் எஞ்சின் மூச்சுத் திணறி, சமதளத்தில் நன்றாக ஓடினால், ஃப்ளோட் மட்டத்தைச் சந்தேகியுங்கள். வண்டி சாயும்போது கிண்ணத்துப் பெட்ரோலும் ஒரு பக்கம் சாய்ந்து, ஜெட் வறண்டுபோகிறது அல்லது பெட்ரோல் வழிந்து தொண்டையில் இறங்குகிறது. சில கிலோமீட்டர் நன்றாக இழுத்தபின், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அணைத்து, ஆறியதும் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறமாக இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் மிகை. வெளுத்துச் சுண்ணாம்பு போலிருந்தால் வறட்சி. வறட்சி என்றால் முதலில் அடித்தட்டுப் பேக்கிங்கில் காற்று இழுக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஜெட்டைத் தொட வேண்டும்.

கடைசியாகப் புகைப் பரிசோதனை நிலையத்துக்குப் போங்கள். பாரத் ஸ்டேஜ் இரண்டு என்ற புகை விதிக்கு முந்திய நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கருவி செருகியிருக்கும்போதே அனுமதி கேட்டு மிக்ஸ்சர் திருகைக் கால் சுற்று நகர்த்திப் பார்த்தால், காதால் ஒரு மணி நேரம் கேட்டுச் சரிசெய்வதைவிடத் துல்லியமாக அமையும். அங்கே நிலைத்த திருகின் சுற்று எண்ணிக்கையையும் ஜெட் எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பானட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். இருநூறு கிலோமீட்டர் ஓடியபின் பேக்கிங் அமுங்கி ஸ்டட் நட்டுகள் சற்றுத் தளர்ந்திருக்கும்; எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலையில் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.